விவாதம் முடிந்ததும் திரையில் வரும் ‘வென்றவர்’ எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, இவர் வென்றார் என்று இத்தனை சதவீத நேயர்கள் சொல்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் போட்டுவிடுகிறார்கள். அதே இரவில் இணையதளங்களில் நேர்மாறான எண் ஓடுகிறது. எதை நம்புவது? விவாதத்தில் ஜெயித்தவருக்கு ஓட்டு கூடுமா?

பதில்: நேயர்களின் எதிர்வினையை அளக்க மூன்று வெவ்வேறு தருணங்கள் இருக்கின்றன. விவாதம் ஓடும்போது நொடிக்கு நொடி எழுவது ஒன்று. முடிந்த கையோடு சொல்லும் தீர்ப்பு இரண்டாவது. இரண்டு நாள் செய்தி பார்த்த பிறகு மனதில் தங்குவது மூன்றாவது. இந்த மூன்றும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், அவர்கள் எப்படி அந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத எண்ணைப் பார்த்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

சில நிமிடங்களில் எண் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் மோதிய விவாதத்தை எடுத்துக்கொள்வோம். சி.என்.என்.னுக்காக எஸ்.எஸ்.ஆர்.எஸ். நிறுவனம் எடுத்த கணிப்பில் 67 சதவீதத்தினர் டிரம்ப் வென்றதாகவும், 33 சதவீதத்தினர் பைடன் வென்றதாகவும் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்கள் 565 பேர். இவர்களை விவாதம் முடிந்த பிறகு தேடிப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே ஒரு கணிப்பில் பதில் சொன்ன பதிவுபெற்ற வாக்காளர்களிடம், விவாதத்தைப் பார்ப்பீர்களா, முடிந்ததும் தொடர்புகொள்ளலாமா என்று கேட்டு ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார்கள். யார் நன்றாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றும் முன்பே கேட்டாயிற்று. விவாதம் முடிந்ததும் கைபேசிக்குச் செய்தி போகிறது, பதில்கள் வருகின்றன, எடையிட்டு, அதாவது குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்கு மதிப்பைக் கூட்டி, அதிகமாக வந்தவர்களுடையதைக் குறைத்து, கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள்.

இந்த முறையின் பலம் முன்பே எடுத்து வைத்த அந்தப் பதிலில் இருக்கிறது. விவாதத்துக்கு முன்பு இதே நேயர்களில் 55 சதவீதத்தினர் டிரம்ப் நன்றாகச் செய்வார் என்றும், 45 சதவீதத்தினர் பைடன் செய்வார் என்றும் எதிர்பார்த்தார்கள். ஆக, அந்த 67இல் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது. விவாதம் சேர்த்தது 12 சதவீதப் புள்ளி. முன்-பின் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 67ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரே இரவில் எல்லாம் தலைகீழானது போலத் தோன்றும். அதே கணிப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது: இந்த விவாதம் உங்கள் தேர்வை மாற்றியதா? 81 சதவீதத்தினர் எந்தத் தாக்கமும் இல்லை என்றார்கள். 14 சதவீதத்தினர் யோசிக்க வைத்தது, ஆனால் மாறவில்லை என்றார்கள். மனம் மாறியதாகச் சொன்னவர்கள் 5 சதவீதம். தலைப்புச் செய்தியில் 67 வந்தது. என் கணக்கில் அந்த இரவின் முக்கியமான எண் 81தான்.

சிலரிடம் மட்டும் கேட்பதால் எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதுதான் பிழை வரம்பு. 565 பேருக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டால், எளிய சூத்திரத்தில் மேலும் கீழுமாக 4 புள்ளிக்குச் சற்று அதிகம் வரும். ஆனால் அந்தக் கணிப்புக்கு அறிவிக்கப்பட்டது 5.5. வயது, கல்வி, கட்சிச் சார்பு போன்றவற்றைச் சரிக்கட்ட எடையிடும்போது மாதிரியின், அதாவது கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களின், துல்லியம் குறைகிறது, அந்தக் குறைவையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான முறை. எடையிட்ட பிறகும் பழைய சூத்திர எண்ணையே போடும் கணிப்புகள் தங்களை மிகைப்படுத்திக்கொள்கின்றன.

இந்த முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இது விவாதம் பார்த்தவர்களின் கருத்து, வாக்காளர்கள் எல்லோருடைய கருத்தும் அல்ல. யார் உட்கார்ந்து தொண்ணூறு நிமிடம் பார்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். 2016 செப்டம்பர் 26 அன்று ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த கிளிண்டன்–டிரம்ப் முதல் விவாதத்தை நேயர் எண்ணிக்கையைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனத்தின்படி 8.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அது பற்றிய சி.என்.என். கணிப்பில் 62 சதவீதத்தினர் கிளிண்டன் வென்றதாகவும், 27 சதவீதத்தினர் டிரம்ப் வென்றதாகவும் சொன்னார்கள். ஆனால் அந்த மாதிரியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 41 சதவீதம், குடியரசுக் கட்சிக்காரர்கள் 26 சதவீதம். அந்த விகிதத்தையும் சி.என்.என். அறிவித்தது. அதைச் சொல்லாமல் 62–27ஐ மட்டும் பகிர்ந்தவர்கள்தான் குழப்பத்தைக் கிளப்பினார்கள். எனவே கட்சிவாரியாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தன் கட்சிக்காரரே சரியாகப் பேசவில்லை என்று ஒப்புக்கொள்பவர்கள் எத்தனை பேர், கட்சி சாராதவர்கள் எந்தப் பக்கம் என்ற இரண்டும்தான் ஏதாவது சொல்லும்.

இன்னொரு நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2024 எண்களான 67, 33 இரண்டையும் கூட்டினால் 100. 2016இன் 62, 27 கூட்டினால் 89தான். 2012 அக்டோபர் 3இல் டென்வரில் ஒபாமாவை ராம்னி வீழ்த்திய விவாதத்துக்கு சி.என்.என். தந்த 67, 25 கூட்டினால் 92. இருவரும் சமம், யாரும் வெல்லவில்லை என்பதற்கு இடம் இருந்த கணிப்பையும், இல்லாத கணிப்பையும் பக்கத்தில் வைத்து, வரலாற்றிலேயே பெரிய வெற்றி என்று தரவரிசை போடுவது தவறு. எந்தப் பதில்களைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு தந்தார்கள் என்று பார்க்காமல் ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்.

இனி இணையத்தில் ஓடும் சொடுக்கு வாக்கெடுப்புகள். இவற்றின் மூதாதை 1980இல் பிறந்தது. அக்டோபர் 28 அன்று கிளீவ்லாந்தில் கார்ட்டரும் ரீகனும் விவாதித்து முடித்ததும், ஏ.பி.சி. தொலைக்காட்சி இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து, வென்றவருக்கு உரிய எண்ணை அழையுங்கள் என்றது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சுமார் 7 லட்சம் அழைப்புகள் வந்தன, ரீகனுக்கு இரண்டு பங்கு, கார்ட்டருக்கு ஒரு பங்கு. முறையாக மாதிரி எடுத்த மற்றக் கணிப்புகளிலும் ரீகன் முன்னால்தான் இருந்தார், ஆனால் இடைவெளி அதைவிட வெகு குறைவு. காசு கொடுத்துக் கூப்பிடும் அளவுக்கு உற்சாகம் இருந்தவர்கள், இணைப்பு எளிதில் கிடைத்த ஊர்க்காரர்கள், ஒருவரே பலமுறை அழைத்தது எல்லாம் அந்த 7 லட்சத்துக்குள் அடங்கும்.

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். 7 லட்சம் பெரியதா, 565 பெரியதா? வாக்களிக்க வந்தவர்கள் தாங்களாகவே வந்தால், ஆள் எண்ணிக்கை கூடக்கூடச் சாய்வு குறையாது, அந்தச் சாய்வின் மேல் நம்பிக்கைதான் கூடும். 2016 முதல் விவாதத்துக்குப் பிறகு டிரம்ப் சுட்டிக்காட்டிய டைம், சி.என்.பி.சி. இணைய வாக்கெடுப்புகள் இந்த வகை. இதைச் சொல்வதில் கட்சி பேதம் இல்லை, எவர் காட்டினாலும் இதே விடைதான். நம் தமிழ்ச் செய்திச் சேனல்கள் விவாத நிகழ்ச்சிக்கு நடுவே யூடியூபில் ஓடவிடும் வாக்கெடுப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணி இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் தட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிவு மாறிவிடும். அது அந்த அணியின் சுறுசுறுப்பைக் காட்டும், நேயர்களின் கருத்தைக் காட்டாது.

மூன்றாவது கருவி, திரையின் அடியில் ஏறி இறங்கும் கோடு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் இதற்குப் ‘புழு’ என்றே பெயர். அடிப்படை யோசனை பழையது. 1930களில் பால் லாசர்ஸ்ஃபெல்டும், பின்னாளில் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவரான ஃபிராங்க் ஸ்டான்டனும் வானொலி நிகழ்ச்சிகளைச் சோதிக்க ஒரு கருவி செய்தார்கள். நேயர் கையில் இரண்டு பொத்தான்கள், பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, இரண்டும் அழுத்தாவிட்டால் நடுநிலை. இன்று அதற்குப் பதில் கைக்கு அடக்கமான ஒரு திருகுகுமிழ். பூஜ்யத்திலிருந்து 100 வரை திருகலாம், நடு 50. எல்லோருடைய குமிழ் அளவையும் நொடிதோறும் சராசரி எடுத்துக் கோடாக வரைகிறார்கள். 2008இல் சி.என்.என். ஒஹாயோ மாநிலத்தின் முடிவெடுக்காத வாக்காளர்கள் சிலரை உட்காரவைத்து, ஆண்களுக்கு ஒரு கோடு, பெண்களுக்கு ஒரு கோடு என்று நேரலையில் ஓட்டியது.

இந்தக் கருவியில் எது எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆள் எண்ணிக்கை மிகக் குறைவு. 30 பேர் என்றால் பிழை வரம்பு மேலும் கீழுமாக ஏறத்தாழ 18 புள்ளி. ஆண், பெண் என்று பிரித்து 15 பேருக்கு ஒரு கோடு போட்டால் 25 புள்ளி. திரையில் நீங்கள் பார்க்கும் மேடு பள்ளங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

கேட்டு, புரிந்து, கை திருகுவதற்குள் சில நொடி போய்விடும். நெறியாளர் அடுத்த கேள்வியைத் தொடங்கும்போது ஏறும் கோடு, முந்தைய வேட்பாளரின் கடைசி வாக்கியத்துக்கான பதிலாக இருக்கலாம். தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்தச் சொல் வேலை செய்தது என்று விளக்கம் சொல்பவர்கள் தவறான சொல்லைப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, அலுப்பு. முதல் இருபது நிமிடம் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள், பிறகு ஒரே இடத்தில் விட்டுவிடுவார்கள். அடுத்தவர் பேச ஆரம்பிக்கும்போது 50க்குத் திருப்புங்கள் என்று சொல்லாவிட்டால், முன்னவருக்குக் கொடுத்த மதிப்பெண் பின்னவர் கணக்கில் ஏறும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அது எதை மெச்சுகிறது என்பது. குழந்தைகளின் கல்வி, உழைக்கும் குடும்பங்கள், ஒற்றுமை என்று யாரும் மறுக்காத பொதுவான வார்த்தை வந்தால் கோடு ஏறும். எதிராளியைத் தாக்கினால் இறங்கும். வரி எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும் என்று கடினமான விவரம் பேசினால் படுத்துக்கொள்ளும். 2002இல் நியூசிலாந்து விவாதத்தில் இதைப் பார்த்தார்கள். சிறிய கட்சியான யுனைட்டட் ஃபியூச்சரின் தலைவர் பீட்டர் டன், குடும்பம், நடைமுறை அறிவு, நிதானம் என்று பேசப் பேசக் கோடு அவருக்கு ஏறிக்கொண்டே போனது. அது மறுநாள் பெரிய செய்தியானது. அந்தத் தேர்தலில் அவர் கட்சி 6.69 சதவீத வாக்கும் 8 இடங்களும் பெற்றது. கோடு நேயர்களின் கருத்தை அளந்ததோடு நிற்கவில்லை, கருத்தை உருவாக்கவும் செய்தது.

இது ஊகம் அல்ல, சோதித்துப் பார்த்த விஷயம். 2010இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் விவாதித்தபோது, கோலின் டேவிஸ், ஜெஃப்ரி பவர்ஸ், அமினா மெமன் ஆகிய ஆய்வாளர்கள் 150 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து மூன்றாவது விவாதத்தை நேரலையில் காட்டினார்கள். திரையில் கோடும் ஓடியது. ஆனால் அந்தக் கோட்டை ஆய்வாளர்களே இயக்கினார்கள், ஒரு குழுவில் அப்போதைய பிரதமர் கார்டன் பிரவுனுக்குச் சாதகமாக, மற்றதில் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்குக்குச் சாதகமாக. விவாதம் ஒன்றே, நேரம் ஒன்றே. முடிந்ததும் கேட்டால், ஒரு குழுவில் பிரவுன் முன்னால் நின்றார், மற்றதில் கிளெக் வெகுதூரம் முன்னால் நின்றார். நாடு முழுக்க எடுத்த கணிப்புகளில் அந்த விவாதத்தில் முதலிடம் பெற்றவரோ மூன்றாமவரான கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன். சில டஜன் பேரின் கைத்திருகலை நேரலையில் கோடிக்கணக்கானோருக்குக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதிவு செய்து பின்னால் ஆராயட்டும், அது நல்ல ஆய்வுக் கருவி. ஆஸ்திரேலியாவில் 2007இல் பிரதமர் ஹோவர்டும் எதிர்க்கட்சித் தலைவர் ரட்டும் விவாதித்தபோது சேனல் நைன் புழுவை ஓட்டியதற்காக நடுவில் அதன் ஒளிபரப்பு இணைப்பையே துண்டித்தார்கள், அது வேறு இணைப்பில் தொடர்ந்து ஓட்டியது. துண்டித்தது சரியான வழி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது.

கோடு செய்யும் இதே வேலையை அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களின் சிரிப்பும் கைதட்டலும் செய்யும். 1984 அக்டோபர் 21, கன்சாஸ் சிட்டி. ரீகனுக்கு 73 வயது. வயது பற்றிக் கேட்டபோது, என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அரங்கம் வெடித்துச் சிரித்தது, எதிராளியான மாண்டேலும் சிரித்தார். பின்னாளில் ஸ்டீவன் ஃபைன், ஜார்ஜ் கோதல்ஸ், மேத்யூ குக்லர் ஆகியோர் இந்த விவாதத்தை வெட்டி ஒட்டிப் பல வடிவங்களில் மாணவர்களுக்குக் காட்டினார்கள். நகைச்சுவை இருந்து அரங்கின் சிரிப்பு மட்டும் நீக்கப்பட்ட வடிவத்தைப் பார்த்தவர்கள் ரீகனுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். அதே சொற்கள், சிரிப்பு மட்டும் இல்லை. 2024 ஜூன் விவாதத்தில் அரங்கில் பார்வையாளர்களே இல்லாமல், ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கியையும் அணைத்து வைத்ததற்கு இப்படிப்பட்ட பாடங்கள் பின்னணி. 2020 செப்டம்பர் 29இல் டிரம்பும் பைடனும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருந்த விவாதத்தைப் பார்த்தவர்களில் 69 சதவீதத்தினர் எரிச்சலாக உணர்ந்ததாக சி.பி.எஸ்.–யூகவ் கணிப்பில் சொன்னார்கள். ஒலிவாங்கியை அணைக்கும் முறை அதன் பிறகுதான் வந்தது.

அடுத்து நேரம். இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

1976 அக்டோபர் 6, சான் ஃபிரான்சிஸ்கோ. கார்ட்டரோடு விவாதித்த அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். போலந்திலும் ருமேனியாவிலும் சோவியத் பிடி இருந்த காலம் அது. கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸின் மேக்ஸ் ஃபிராங்கல் நம்ப முடியாமல் திரும்பக் கேட்டார், அப்போதும் ஃபோர்டு பின்வாங்கவில்லை. இன்று இதை விவாத வரலாற்றின் மிகப் பெரிய தவறு என்று எழுதுகிறார்கள். ஆனால் அன்றிரவே ஃபோர்டு தரப்பின் கணிப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டபோது சாதாரண நேயர்களில் அந்தத் தவறைத் தாமாகக் குறிப்பிட்டவர்கள் அநேகமாக இல்லை. யார் வென்றார் என்பதிலும் ஃபோர்டு பின்தங்கிவிடவில்லை. மறுநாள் முழுக்கச் செய்திகள் அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றின. மாலையில் கேட்டால், கார்ட்டர் வென்றார் என்று சொல்பவர்கள் வெகுவாகப் பெருகியிருந்தார்கள், காரணமாகக் கிழக்கு ஐரோப்பாவையும் சொன்னார்கள்.

1984 முதல் விவாதத்திலும் இதே கதை. லூயிவில்லில் ரீகன் தடுமாறினார். முடிந்ததும் நியூயார்க் டைம்ஸ்–சி.பி.எஸ். கணிப்பில் மாண்டேல் 43, ரீகன் 34. இரண்டு நாள் கழித்து அதே கேள்விக்கு 66, 17. இடையில் புதிய விவாதம் எதுவும் நடக்கவில்லை, ரீகனின் வயது பற்றிய செய்திகள் நடந்தன. 2000இல் புஷ் பேசும்போது கோர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த பாஸ்டன் விவாதத்துக்குப் பிறகு கேலப் கணிப்பில் கோர் 48, புஷ் 41. பெருமூச்சுகளைத் தொகுத்துத் திரும்பத் திரும்பக் காட்டிய பிறகு, அந்த விவாதம் கோர் தோற்ற விவாதமாக நினைவில் நின்றுவிட்டது.

2004இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். புஷ்–கெர்ரி மூன்றாம் விவாதம் அவர்கள் ஊரான டெம்பியிலேயே நடந்தது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு விவாதம் மட்டும், சிலருக்கு விவாதமும் அதைத் தொடர்ந்த என்.பி.சி. அலசலும் காட்டினார்கள். விவாதத்தை மட்டும் பார்த்தவர்கள் கெர்ரி பக்கம் சாய்ந்தார்கள், என்.பி.சி. அலசலைச் சேர்த்துப் பார்த்தவர்கள் புஷ் பக்கம். உங்களுக்கு உங்கள் சொந்தத் தீர்ப்பு வேண்டுமென்றால், வேட்பாளர்கள் கைகுலுக்கியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதன் பிறகு அலசலைப் பாருங்கள்.

இந்த இடத்தில் 1960 பற்றிய பிரபலமான கதையையும் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வி வரும் இடங்களிலெல்லாம் யாராவது அதைச் சொல்வார்கள். செப்டம்பர் 26, சிகாகோ, கென்னடியும் நிக்சனும். முழங்கால் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்து மெலிந்து வந்த நிக்சன், பின்சுவரோடு கலந்துவிட்ட சாம்பல் நிறக் கோட்டு, வியர்வை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றார்கள், வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள் என்பது கதை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சிண்ட்லிங்கர் என்ற நிறுவனத்தின் கணிப்பு: வானொலி நேயர்களில் 43 சதவீதம் நிக்சன், 20 சதவீதம் கென்னடி. 1987இல் டேவிட் வான்சில், சூ பென்டெல் என்ற ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். வானொலி நேயர்கள் மொத்தம் 282 பேர், அதில் வென்றவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டவர்கள் 178 பேர்தான். அவர்கள் விவாதத்துக்கு முன்பே யாரை ஆதரித்தார்கள் என்ற விவரம் இல்லை. அப்போதே பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டது. மீதி இருந்தவர்களில் கிராமப்புறத்தினரும் புராட்டஸ்டன்ட் பிரிவினரும் அதிகம் இருந்திருக்க வாய்ப்புண்டு. கத்தோலிக்கரான கென்னடிக்கு எதிராக முன்பே சாய்ந்திருந்த வட்டாரங்கள் அவை. காது நிக்சனைத் தேர்ந்ததா, முன்பே நிக்சனைத் தேர்ந்தவர்கள் வானொலி கேட்டார்களா என்று அந்த எண்ணால் பிரிக்க முடியாது.

ஆனாலும் கதையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். 2003இல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற ஆய்வாளர் அந்த விவாதத்தைப் பற்றி முன்கூட்டி அறியாத 171 பேரைப் பிரித்து, சிலருக்குப் படத்தோடும் சிலருக்கு ஒலி மட்டுமாகவும் கொடுத்தார். படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்று கூடுதலாகச் சொன்னார்கள், ஆளின் தன்மையை வைத்து எடைபோட்டார்கள். படம் கருத்தை மாற்றும் என்பது சோதனையில் நிற்கிறது. 1960இல் நாடு இரண்டாகப் பிரிந்தது என்பதற்குத்தான் ஆதாரம் போதாது.

சரி, ஓட்டு கூடுமா? பெரும்பாலும் இல்லை. பிரிட்டனின் 2010 முதல் விவாதம் முடிந்ததும் யூகவ் கணிப்பில் கிளெக் 51, கேமரன் 29, பிரவுன் 19. கிளெக்கின் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கான ஆதரவு கணிப்புகளில் ஒரே வாரத்தில் பாய்ந்து ஏறியது. தேர்தல் நாளில் 23 சதவீத வாக்கு, 57 இடங்கள், முந்தைய தேர்தலைவிட 5 இடம் குறைவு.

2012 இன்னும் தெளிவான பாடம். டென்வருக்கு முன் பியூ கணிப்பில் ஒபாமா 8 புள்ளி முன்னால். பின்னர் ராம்னி 4 புள்ளி முன்னால். ஒரு விவாதத்தில் 12 புள்ளி புரண்டதா? புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் சகாக்களும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொடர்ந்து எடுத்த கணிப்பை ஆராய்ந்தார்கள். சோர்ந்துபோன ஒபாமா ஆதரவாளர்கள் கணிப்புக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள், உற்சாகமான ராம்னி ஆதரவாளர்கள் கூடுதலாகப் பதில் சொன்னார்கள். மனம் மாறியவர்கள் சிலரே, பேச முன்வந்தவர்களின் கலவைதான் மாறியது. ஒபாமா சுமார் 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். கரோலின் லெ பெனெக், வின்சென்ட் போன்ஸ் என்ற ஆய்வாளர்கள் பல நாடுகளின் 62 தேர்தல்களை, 56 விவாதங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், கடைசி இரண்டு மாதங்களில் தேர்வை முடிவு செய்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், ஆனால் விவாத நாளை ஒட்டி அதில் மாற்றம் இல்லை என்றே வந்தது.

விதிவிலக்குகள் இருக்கின்றன. மக்கள் அதிகம் அறியாத வேட்பாளருக்கு விவாதம் உண்மையிலேயே உதவும். 1992இல் இடையில் போட்டியிலிருந்து விலகியிருந்த சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ அக்டோபர் தொடக்கத்தில் ஒற்றை இலக்க ஆதரவோடு திரும்பி வந்து, விவாதங்களுக்குப் பிறகு ஏறி, 19 சதவீத வாக்கு வாங்கினார். கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வு விவாதங்களிலும் இதே காரணத்தால் தாக்கம் அதிகம், கட்சிச் சின்னம் பார்த்து முடிவெடுக்க அங்கே வழியில்லை. 2024 ஜூன் விவாதம் வேறு மாதிரி. 5 சதவீதத்தினரே மனம் மாறியதாகச் சொன்ன அந்த விவாதம், 24 நாளில் பைடனைப் போட்டியிலிருந்தே விலக வைத்தது. வாக்காளர்கள் பெருவாரியாக அணி மாறியதால் அது நடக்கவில்லை. கட்சித் தலைவர்களும் நன்கொடையாளர்களும் நேயர்களின் எதிர்வினையைப் பார்த்து முடிவெடுத்தார்கள். வாக்கை அளக்கும் கருவியில் இது தெரியாது.

கல்லூரி ஊடகத் துறையோ ஒரு உள்ளூர்ச் சேனலோ தாமே நேயர் எதிர்வினையை முறையாக அளக்க விரும்பினால், பெரிய செலவில்லாமல் செய்யலாம். முடிவில் 200 பேராவது வேண்டும், அப்போது பிழை வரம்பு சுமார் 7 புள்ளி. பாதிப் பேர் விட்டுப்போவார்கள் என்று வைத்து 400 பேரைச் சேருங்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இணைப்புப் போட்டுச் சேர்த்தால் மேலே சொன்ன 7 லட்சம் அழைப்புகளின் கதைதான்.

ஒரு வாரம் முன்பே முதல் சுற்று: யாருக்கு ஓட்டு, அதில் எவ்வளவு உறுதி, யார் நன்றாகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பு, ஒவ்வொருவரின் நேர்மைக்கும் திறமைக்கும் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண். விவாதத்தன்று குலுக்கலில் பாதிப் பேரிடம், முடிந்ததும் அலசல் பார்க்காமல் அரை மணிக்குள் பதில் தரச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றின் முதல் கேள்வி திறந்த கேள்வியாக இருக்கட்டும்: மனதில் நின்றது எது? யார் வென்றார் என்பதை அதற்குப் பிறகு கேளுங்கள், முன்னால் கேட்டால் நினைவில் நிற்பதையும் அது இழுத்துக்கொள்ளும். பெயர் வரிசையைப் பாதிப் பேருக்கு மாற்றுங்கள், சமம் என்ற பதிலுக்கும் இடம் கொடுங்கள். முழுவதும் பார்த்தாரா, பாதியா, துண்டுக் காணொளி மட்டுமா என்று கட்டாயம் கேளுங்கள், துண்டு மட்டும் பார்த்தவர்களைத் தனியாக வையுங்கள். 48 மணி நேரம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகள்.

கணக்குப் போடும் முன் ஒரு சோதனை: முதல் சுற்றில் ஒவ்வொரு வேட்பாளரையும் ஆதரித்தவர்களில் எத்தனை சதவீதம் இரண்டாம் சுற்றுக்கு வந்தார்கள்? ஒரு பக்கம் 60, மறுபக்கம் 40 என்றால், சோர்ந்த தரப்பு ஒதுங்கிவிட்டது. முதல் சுற்று விகிதத்துக்கு எடையிட்டுச் சரிசெய்யுங்கள், சரிசெய்ததையும் எழுதுங்கள். 50 பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவுக்கும் தனி எண் வெளியிடாதீர்கள். வெளியிடும்போது முன்–பின் இரண்டு எண்ணும், கட்சிவாரிப் பிரிவும், கேட்ட நேரமும் ஒரே படத்தில் இருக்கட்டும், ஏனென்றால் மறுநாள் பகிரப்படுவது அந்தப் படம் மட்டும்தான்.